பத்தரை மணி கோமதி

எங்கள் ஊர் நீதிமன்ற வளாகத்தில் நான் கால் வைக்காத அறை ஒன்று இருந்தது. முதல் மாடி, மூன்றாம் எண். அங்கே நீதிபதி இருக்கையில் உட்கார்ந்திருந்தது நான்தான்.

வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள், பிறகு ஒரு மாதிரி பார்ப்பார்கள். அதனால் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். ஆறு வருடத்துக்கு முன்னால் மாநிலம் முழுக்க விசாரணை நீதிமன்றங்களில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. விசாரணைக் கைதிகள் தீர்ப்பு வருவதற்குள் தாத்தாவானார்கள். அரசு யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தது. பத்து வருடமாவது தொழில் செய்த வழக்கறிஞர்களைத் தேர்ந்தெடுப்பது, தலையில் வலை மாதிரி ஒன்றை மாட்டி மனதை அப்படியே பதிவு செய்வது, அந்தப் பதிவை நீதிபதியாக நியமிப்பது. ஆள் வழக்கம்போலக் கறுப்புக் கோட்டோடு தன் தொழிலைப் பார்த்துக்கொண்டு திரியலாம். பதவிக்குப் பெயர் நியமன நீதி அலுவலர். வக்கீல்கள் வாயில் அது நகல். எங்களைப் போன்றவர்கள் அசல்.

நகலுக்கு மாற்றல் இல்லை, காய்ச்சல் இல்லை, பிரசவ விடுப்பு இல்லை. இன்னொரு வசதியும் உண்டு. பதிவு எந்தக் கணத்தில் நின்றதோ, அந்தக் கணத்திலிருந்துதான் அது தினமும் விழிக்கும். நேற்று யாரைப் பார்த்தது, யாரைத் திட்டியது எதுவும் அதற்கு நினைவிருக்காது. வழக்குக் கட்டும் புதிய சட்டங்களின் குறிப்பும் முன்னால் இருக்கும், அவ்வளவுதான். "முன்விரோதமே இருக்காது பாருங்க," என்று விளக்கக் கூட்டத்தில் ஓர் அதிகாரி பெருமையாகச் சொன்னார். நாங்களும் கை தட்டினோம்.

அசல் தன் நகல் முன்னால் ஆஜராகக் கூடாது என்பது விதி. பார்வையாளராகப் போய் உட்காரக் கூடாது என்று விதி ஏதும் இல்லை. ஆனாலும் நான் போனதில்லை. மாடி ஏற வேண்டி வந்தால் அந்தப் பக்கப் படிக்கட்டை விட்டுவிட்டு, சுற்றிக்கொண்டு மறுபக்கம் ஏறுவேன். காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

அன்று காலை எட்டரை மணிக்கு ஜெயசிங் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். சட்டக் கல்லூரியில் என்னோடு படித்தவன், கிரிமினல் வக்கீல். சட்டைப் பித்தானைக்கூட ஒழுங்காகப் போடாமல் வந்திருந்தான்.

"கோமதி, உன் நகல் விஷயமா வந்திருக்கேன்."

"அவளுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்ல ஜெயசிங். பேருதான் ஒண்ணு."

"வெளையாடாத. இன்னைக்கு லிஸ்ட்ல என் மனு ஒண்ணு இருக்கு. பேச்சித்தாய்னு ஒரு பிள்ள, இருபத்தி மூணு வயசு. நூல் மில்லுல சூப்பர்வைசர் மண்டையைச் சாப்பாட்டுத் தூக்குச்சட்டியால ஒடச்சிட்டா. அவன் எங்க கைய வச்சான்ங்கது விசாரணையில வரும், அத விடு. அவ அப்பாவுக்கு ஈரல் போயிருச்சு. பெரியாஸ்பத்திரில கிடக்காரு. இன்னைக்குத் தாண்டாதுங்காரு டாக்டர். ஒரே மக. 'எம் பிள்ளய ஒருக்கப் பாத்துட்டுப் போறேன்'னு அந்த மனுஷன் உசிரக் கையில பிடிச்சிட்டுக் கிடக்காரு."

"இடைக்கால ஜாமீன் கேளு. இதுக்கு யாரு மறுக்கப் போறா?"

"உன் நகல் மறுக்கும்."

அவன் ஒரு தாளை மேசையில் வைத்தான். ஆறு வருடத்தில் அந்த நீதிமன்றத்தில் இப்படி நாற்பத்தொரு மனுக்கள் வந்திருக்கின்றன. அப்பாவுக்கு முடியவில்லை, அம்மா சாகக் கிடக்கிறாள், தகப்பனுக்குக் கொள்ளி வைக்க வேண்டும். நாற்பத்தொன்றும் தள்ளுபடி.

"மத்தபடி உன் நகல் தங்கம். ஒரு நாளைக்கு அறுபது கேஸ் முடிக்கும், தேவையில்லாம வாய்தா குடுக்காது, எந்த வக்கீல் வந்து நிக்கான்னு பாக்காது. ஆனா ஆஸ்பத்திரிங்க வார்த்தை மனுவுல வந்தாப் போதும், மூஞ்சி மாறிரும். ஏன் கோமதி? உன்னைத் தெரியும்லா எனக்கு. நீ அப்படிப்பட்டவ இல்லயே."

"மேல்கோர்ட்டுக்குப் போ," என்றேன்.

"போனா நாளை மறுநாள்தான் எடுப்பாங்க. அவருக்கு அவ்வளவு நேரம் இல்ல. ஒரே வழிதான் இருக்கு. நீதிபதி லீவுன்னா லிஸ்ட் பொறுப்புக் கோர்ட்டுக்குப் போகும். பக்கத்து ஹால், சண்முகவடிவு அம்மா. அவங்க மனுஷி, ரெண்டு நிமிஷத்துல கையெழுத்துப் போட்டுருவாங்க. ஆனா உன் நகல் ஆறு வருஷத்துல ஒரு நாள் லீவு எடுத்திருக்கா?"

அவனை உட்காரச் சொல்லிவிட்டு நான் உள்ளே போய்ச் சும்மா நின்றேன். அந்த நாற்பத்தொன்றுக்கும் காரணம் எனக்குத் தெரியும் என்று தோன்றியது. தெரிந்தது பாதிதான் என்பது பிறகுதான் விளங்கியது.

நகலாக நான் பதிவான அன்று என் அப்பா அதே பெரியாஸ்பத்திரியில் கிடந்தார். எங்களை இரண்டு முறை வரவழைத்துச் சிரமப்படுத்த வேண்டாம் என்று அரசுக்குக் கரிசனம். பதிவும் தேர்வும் ஒரே நாளில், கலெக்டர் ஆபீஸுக்குப் பின்னால் ஒரு கட்டடத்தில் நடந்தன. காலையில் பதிவு. பத்தரை மணிக்கு அதை முடித்து வலையைக் கழற்றிவிட்டுச் செயல்முறைத் தேர்வு. நாடகக்காரர்களைக் கைதியாகவும் சாட்சியாகவும் நிறுத்தி, எங்களை நீதிபதி நாற்காலியில் உட்காரவைத்து, எப்படி உத்தரவு போடுகிறோம் என்று குழு ஒன்று ஒளிந்திருந்து பார்த்தது. இதைக் காலையிலேயே எங்களிடம் சொல்லியிருந்தார்கள். கைபேசிகளை வாசலிலேயே வாங்கிவிட்டார்கள். தம்பியிடம் அலுவலக எண்ணைக் கொடுத்து, ஏதாவது என்றால் கூப்பிடச் சொல்லியிருந்தேன். அவன் பதினொன்று நாற்பதுக்குக் கூப்பிட்டான். "அப்பா உன்னைக் கேக்காரு, உடனே வா." அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டார் அங்கிருந்த எழுத்தர். தேர்வு நடக்கும்போது யாரிடமும் எதுவும் சொல்லக் கூடாதாம். மாலை ஐந்து மணிக்கு வெளியே வரும்போது சீட்டைக் கொடுத்தார். நான் போய்ச் சேர்ந்தபோது அப்பா இல்லை.

அந்த எழுத்தரை ஆறு வருடம் வெறுத்தேன். பெயர்கூடத் தெரியாது. ஆஸ்பத்திரி அங்கிருந்து பத்து நிமிட நடை. எனக்கு ஒரு வார்த்தை தெரிந்திருந்தால் தேர்வைப் பாதியில் போட்டுவிட்டு எழுந்து ஓடியிருப்பேன். இதை நான் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன், என் கணவரிடம் சொல்லியிருக்கிறேன், அப்பா படத்தின் முன்னால் நின்றும் சொல்லியிருக்கிறேன்.

ஆக, அந்த மூன்றாம் எண் அறையில் இருப்பவளுக்கு எப்போதும் அந்த நாள்தான். அப்பா இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், போன் இன்னும் வரவில்லை. நமக்கே போக முடியாத இடத்துக்கு அடுத்தவர்களை எப்படி அனுப்புவது என்ற எரிச்சலில் தள்ளுபடி செய்கிறாள் என்று நான் நினைத்தேன். அப்படியென்றால் வழி இருக்கிறது. போன் வந்துவிட்டது என்று அவளிடம் சொன்னால் போதும். எழுந்து ஓடிவிடுவாள். நீதிபதி இருக்கையை விட்டுப் போய்விட்டால் பட்டியல் சண்முகவடிவு அம்மாவிடம் போகும். பேச்சித்தாய் மதியத்துக்குள் ஆஸ்பத்திரியில் இருப்பாள்.

பத்து மணிக்கு மாடி வராந்தாவில் பீர்முகமதுவைப் பிடித்தேன். அந்த நீதிமன்றத்தின் பெஞ்ச் கிளார்க். ஓய்வு பெற ஒன்றரை வருடம் இருக்கிறது. ஆறு வருடமாக என்னை வழியில் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போவார். என்னவோ கோபம் என்று நினைத்திருந்தேன்.

"பீர் சார், உங்க அம்மா காலையில வந்து உக்காந்ததும் மொதல்ல என்ன பேசுவாங்க?" என்று கேட்டேன். ஊழியர்கள் பெண் நீதிபதியை அம்மா என்றுதான் சொல்வார்கள்.

அவர் என்னைப் பார்க்காமல் முற்றத்தைப் பார்த்தார். "எம் பேரக் கேப்பாங்க மேடம். தினமும் புதுசால்லா வாராங்க. சொல்லுவேன். அப்புறம், 'பீர் சார், ஆஸ்பத்திரிலேருந்து போன் ஏதும் வந்துச்சா'ன்னு கேப்பாங்க."

"தினமுமா?"

"லீவு நாள் போக தினமும். மொத கேஸக் கூப்பிடுததுக்கு முன்னால. இல்லம்மான்னு சொல்லுவேன். வெளி விஷயம் சொல்லக் கூடாது, தேதிகூடச் சொல்லக் கூடாதுன்னு எங்களுக்கு உத்தரவு. 'வந்தா ஒடனே சொல்லுங்க'ம்பாங்க. சரிம்மாம்பேன்."

ஆயிரத்து நானூறு தடவையாவது கேட்டிருப்பாள். ஆயிரத்து நானூறு தடவையும் இந்த மனுஷன் பதில் சொல்லியிருக்கிறார்.

விஷயத்தைச் சொன்னேன். பேச்சித்தாயைப் பற்றிச் சொன்னேன். "இன்னைக்கு ஒரு நாள் ஆமான்னு சொல்லுங்க. அப்பா கேக்காரு, ஒடனே வரச் சொன்னாங்கன்னு சொல்லுங்க. அவ எந்திரிச்சிப் போயிருவா. எனக்குத் தெரியும், நான்தான அது."

அவர் கையிலிருந்த பட்டியலை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். வேலைக்கு ஆபத்து என்று தயங்குகிறார் என்று எண்ணினேன். கடைசியில், "சொல்லிப் பாக்கலாம் மேடம்," என்றார். குரலில் நம்பிக்கையே இல்லை.

பத்து இருபத்தைந்துக்கு முதன்முறையாக அந்த அறைக்குள் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்து வக்கீல்கள் என்னைப் பார்த்துவிட்டு மேடையைப் பார்த்தார்கள், மறுபடி என்னைப் பார்த்தார்கள். மேடையில் மர இருக்கை இருக்க வேண்டிய இடத்தில் ஆளுயரக் கண்ணாடித் திரை. அதற்குள் ஒரு நாற்காலி, ஒரு மேசை, பின்னால் ஒரு கதவு. சரியாகப் பத்தரைக்கு எல்லோரும் எழுந்து நின்றோம். கண்ணாடிக்குள் அவள் நாற்காலியில் இருந்தாள்.

முப்பத்தெட்டு வயது. தேர்வுக்கென்று வாங்கிய வெள்ளைச் சேலை, இஸ்திரி மடிப்புக் கலையாத கோட்டு. நெற்றியில் காலையில் ஆஸ்பத்திரியில் அப்பா பூசிவிட்ட திருநீறு. மேலுதட்டில் வேர்வை. அந்த வேர்வை ஆறு வருடமாகக் காயாமல் இருக்கிறது. பேனா மூடியைத் திறந்து மூடி, திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அந்தப் பழக்கத்தை நான் எப்போது விட்டேன் என்று ஞாபகமில்லை.

பீர்முகமது மேடைப் பக்கம் திரும்பிக் குனிந்து பேசினார். அவள் உதடு அசைந்தது. அவர் பதில் சொன்னார். வழக்கத்தை விட நீளமான பதில்.

அவள் முகத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாற்பது வருடம் கண்ணாடியில் பார்த்த முகம், அது எனக்குப் பொய் சொல்ல முடியாது. அவள் நம்பினாள். கண் ஒரு நொடி அந்தக் கதவுக்குப் போனது. பிறகு மேசையில் இருந்த பட்டியலுக்கு வந்தது. விரலால் கீழ்வரை தடவிப் பார்த்தாள்.

"எத்தனை கேஸ் இருக்கு?" அதற்குள் ஒலிபெருக்கியைப் போட்டிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"அறுபத்தி ரெண்டும்மா."

"முடிச்சிட்டு வாரேன்னு சொல்லிருங்க," என்றாள் அவள். "மொத கேஸக் கூப்பிடுங்க."

என்னைச் சுற்றி நாற்காலிகள் நகர்ந்தன, கட்டுகள் பிரிந்தன, யாரோ இருமினார்கள். எனக்கு எதுவும் சரியாகக் கேட்கவில்லை. எழுத்தர் சீட்டை மறைத்ததால்தான் போக முடியவில்லை என்று ஆறு வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். மறைக்காமல் கொடுத்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். அழுகைகூட வரவில்லை, கூச்சமாக இருந்தது.

பதினைந்தாவதாகப் பேச்சித்தாய் வழக்கு. டவாலி வாசலில் நின்று மூன்று தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இரண்டு பெண் போலீஸ்களுக்கு நடுவில் அந்தப் பெண் வந்து கூண்டில் நின்றாள். ஒல்லியான பெண், ஒரு மண்டையை உடைக்கிற பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. ஜெயசிங் நன்றாகத்தான் வாதாடினான். டாக்டர் சான்றிதழைக் காட்டினான், தப்பி ஓடமாட்டாள் என்றான், காவலோடு இரண்டு மணி நேரம் போதும் என்றான்.

"அம்மா," என்றாள் பேச்சித்தாய், யாரும் கேட்காமலே. "எங்கப்பா வாய்க்குத் தண்ணி ஊத்த வேற ஆளு கிடையாதும்மா. நாந்தான். பாத்துட்டு நானே திரும்ப வந்து செயில்ல இருந்துக்கிடுதேன். எத்தன வருசம் போட்டாலும் இருந்துக்கிடுதேன்." சொல்லிவிட்டுக் கூண்டுக் கம்பியில் தலையை வைத்து அழுதாள்.

நகல் அவளை உற்றுப் பார்த்தது. இரக்கமில்லாத பார்வை என்று சொல்ல முடியாது. கேள்வித்தாளைப் பார்க்கிற பார்வை அது.

"உறவினரின் உடல்நலக் குறைவு மட்டுமே இடைக்கால ஜாமீனுக்குப் போதிய காரணமாகாது. உணர்ச்சிக்கு இடம் கொடுப்பது சட்டத்தின் முன் சமத்துவத்தைக் குலைக்கும். மனு தள்ளுபடி."

பீர்முகமது கட்டை எடுக்கக் கை நீட்டினார். அவள் அவர் பக்கம் குனிந்து, ஒலிவாங்கியைக் கையால் மூடுவதாக நினைத்துக்கொண்டு, மெல்லிய குரலில் சொன்னாள்:

"நல்லா நடிக்காங்கல்ல? எங்கப்பா விஷயம் விண்ணப்பத்துல எழுதியிருந்தேன். அத வச்சே கேள்வி எடுத்திருக்காங்க. நான் அசையுதேனான்னு பாக்காங்க."

எனக்கு அப்போதுதான் முழுதும் புரிந்தது.

பதிவு நின்ற கணம் பத்தரை மணி. தேர்வு தொடங்குவதற்கு ஒரு நிமிடம் முன்பு. அவளுக்கு இது நீதிமன்றம் இல்லை, தேர்வறை. முன்னால் நிற்கிறவர்கள் நாடகக்காரர்கள். எங்கேயோ ஒளிந்திருந்து குழு மதிப்பெண் போடுகிறது. ஆறு வருடமாக அவள் தேர்வாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் மட்டுமா? மாநிலம் முழுக்க எங்களை எல்லாம் அதே நாளில், அதே பத்தரை மணிக்குத்தான் எடுத்தார்கள். இறுக்கமாக இருந்தால் மதிப்பெண், இளகினால் போச்சு என்று நினைக்கிற நூற்றுக்கணக்கான பரீட்சைக்காரர்கள் ஊர் ஊராக உட்கார்ந்து ஜனங்களைச் சிறைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. செலவும் அலைச்சலும் மிச்சம் என்று இரண்டு வேலையை ஒரே நாளில் வைத்தார்கள், அவ்வளவுதான்.

பேச்சித்தாயைக் கூண்டிலிருந்து இறக்கினார்கள். ஜெயசிங் என் பக்கம் திரும்பிப் பார்த்தான். நான் எழுந்து நடு வழியில் நடந்தேன். என்ன செய்யப் போகிறேன் என்பது எனக்குத் தெரிந்திருந்தது, அதற்கு என் கறுப்புக் கோட்டைக் கழற்றிவிடுவார்கள் என்பதும் தெரிந்திருந்தது.

"இந்த வழக்கில் ஆஜராகிறீர்களா?" என்று அவள் கேட்டாள்.

"இல்லை," என்றேன். "நான் தேர்வுக் குழுவிலேருந்து வாரேன்."

கண்ணாடிக்குள் நீதிபதி எழுந்து நின்றாள்.

ஒரு வக்கீல் வந்து நின்றதற்கு நீதிபதி எழுந்து நின்றதை அந்த வளாகத்தில் யாரும் பார்த்ததில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். பேனா மூடி மேசையில் உருண்டது, அவள் எடுக்கவில்லை.

"செயல்முறைத் தேர்வு முடிஞ்சுது," என்றேன். "நீங்க தேர்வாயிட்டீங்க."

அவள் சிரிக்கவில்லை. "இன்னும் நாப்பத்தி ஏழு கேஸ் பாக்கி இருக்கே மேடம்."

"பாத்த வரைக்கும் போதும்."

என்னை உற்றுப் பார்த்தாள். "ஒங்கள எங்கயோ பாத்த மாதிரி இருக்கு. சங்கரன்கோவில்ல எங்க அத்தை ஒருத்தங்க இருக்காங்க. அவங்க சாடை."

"இருக்கலாம்," என்றேன். அத்தை இறந்தும் நாலு வருடமாகிறது.

"அப்ப அந்தப் பொண்ணு?"

"அவ நடிக்கல. நிஜமாவே அவங்கப்பா ஆஸ்பத்திரில இருக்காரு. இங்க யாருமே நடிக்கல."

அவள் கூண்டைப் பார்த்தாள். பிறகு தன் முன்னால் அடுக்கியிருந்த பதினைந்து கட்டுகளையும் பார்த்தாள். வாய் திறந்து மூடியது. "அய்யோ," என்று மட்டும் சொன்னாள். அதை அவள் சொன்ன விதத்தை நான் மறக்க மாட்டேன். உட்கார்ந்து, "பீர் சார், அந்த மனுவத் திரும்ப எடுங்க," என்றாள்.

ஜெயசிங் ஒரு வார்த்தை பேசத் தேவையிருக்கவில்லை. மறுநாள் மாலை ஆறு மணி வரை, காவலோடு இடைக்கால ஜாமீன். உத்தரவைச் சொல்லும்போது அவள் குரல் என் குரலாக இருந்தது. அதற்கு முன்னால் வந்த பதினான்கு வழக்குகளையும் மறுநாளைக்கு மறுவிசாரணைக்கு வைத்தாள். எல்லாம் முடிந்ததும் மறுபடி என்னைப் பார்த்தாள்.

"மேடம், இப்ப நான் போகலாமா? எங்கப்பா ஆஸ்பத்திரில இருக்காங்க. போன் வந்துச்சாம்."

அவளிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் யார் என்றும், என்ன தேதி என்றும் சொல்லியிருக்கலாம். சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. தைரியம் இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

"போங்க," என்றேன். "சீக்கிரம் போங்க."

கழுத்துப் பட்டையை இழுத்துக் கழற்றிக்கொண்டே அந்தக் கதவைத் திறந்தாள். போய்விட்டாள். நாற்காலி காலியாக இருந்தது. நீதிபதி இறங்கினால் எழுந்து நிற்க வேண்டும் என்பதே எல்லோருக்கும் மறந்துபோயிருந்தது. பீர்முகமது மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

மீதிப் பட்டியல் பொறுப்புக் கோர்ட்டுக்குப் போனது. பேச்சித்தாய் பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். அவள் அப்பா அவளை அடையாளம் கண்டு, கையைப் பிடித்துக்கொண்டு, அவள் கையால் இரண்டு ஸ்பூன் கஞ்சி குடித்தார் என்று ஜெயசிங் போன் செய்தான். மறுநாள் விடியும்போது அவர் போய்ச் சேர்ந்தார்.

வராந்தாவில் பீர்முகமது என் அருகில் வந்தார். "மேடம், ஒங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லல. போன் வந்துச்சுன்னு நான் ஏற்கனவே மூணு தடவ சொல்லிப் பாத்திருக்கேன். பாவமா இருந்துச்சு, தினமும் கேக்காங்களேன்னு. மூணு தடவையும் இதே பதில்தான். ஒங்க மொகத்தப் பாத்து இதச் சொல்ல எனக்கு மனசு வரல."

ஆறு வருடமாக அவர் ஏன் தலையைக் குனிந்துகொண்டு போனார் என்று தெரிந்துகொண்டேன்.

என் மேல் விசாரணை வைத்தார்கள். தேர்வுக் குழுவின் பெயரைச் சொல்லி நீதிமன்றத்தை ஏமாற்றியதற்கு எனக்குத் தொழில் தடை. மறுவிசாரணைக்கு வைத்த பதினான்கும் பழையபடியே ஆயின, மறுநாள் காலை அவளுக்கு எதுவும் ஞாபகமில்லை. அரசு ஒரே வாரத்தில் ஓட்டையை அடைத்தது. வழக்கு எண் சொல்லாமல் பேசுகிற எந்தக் குரலும் இனி நகல்களின் காதுக்குப் போகாது. தேர்வு முடிந்துவிட்டது என்று அவர்களிடம் சொல்ல இப்போது யாராலும் முடியாது. பெஞ்ச் கிளார்க்கின் காலைப் பதிலுக்கு மட்டும் விலக்கு; பீர்முகமது தினமும் பத்தரைக்குப் பெயர் சொல்லி, போன் வரவில்லை என்று பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

விசாரணையில் சாட்சி சொல்ல நகல்களைப் பராமரிக்கிற கட்டுப்பாட்டு அறையிலிருந்து ரெஜினா என்ற பெண் வந்திருந்தாள். வெளியே காத்திருந்தபோது அவளிடம் கேட்டேன், அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று.

"ஒண்ணும் இல்ல மேடம். நாங்க கதவு மட்டுந்தான் வரைஞ்சோம். அதுவும் எதுக்குன்னா, சாயங்காலம் அவங்கள நிறுத்துறப்ப எந்திரிச்சிப் போற மாதிரி காட்டுறதுக்கு."

"அப்ப அன்னைக்கு அவ எங்க போனா?"

"அஞ்சு மணிக்கு நாங்க அணைக்கிற வரைக்கும் அவங்க உள்ள இருந்தாங்க. வழி எதுவும் இல்லாததால அவங்க மனசே வழியப் போட்டுக்கிட்டுப் போயிருக்கு. ரோடு, பஸ் ஸ்டாண்டு, பாலம். பாலம் முடிஞ்சா திரும்ப அதே ரோடு. மூச்சும் துடிப்பும் பாத்தோம். நடக்கல மேடம், ஓட்டம்தான். அஞ்சு மணி நேரத்துக்கு மேல நிக்காம ஓடியிருக்காங்க. ஆஸ்பத்திரி ரொம்ப தூரமா?"

"இல்ல," என்றேன். "பத்து நிமிஷம்."

விசாரணை அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை, அவர் கேட்கவும் இல்லை. என்னைப் பதிவு செய்த அன்று எழுத்தர் எனக்குச் சீட்டைக் கொடுத்தபோது மணி ஐந்து. அப்பா போனது ஐந்து இருபதுக்கு. நான் சீட்டைப் படித்தேன். தேர்வானவர்கள் பட்டியலை இதோ ஒட்டப்போகிறோம் என்று சொன்னார்கள். ஐந்தரைக்கு ஒட்டினார்கள். என் பெயர் இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் ஆட்டோவைக் கூப்பிட்டேன்.